சைலன்சர் இல்லாத வண்டி

ஒரகடம் பக்கம் எந்தக் கம்பெனியும் தன் ஆட்களிடம் எதையும் நேராகச் சொல்வதில்லை. அதனால் ஆட்கள் தாங்களாகவே படித்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். கேன்டீன் மோர் தண்ணீராகிவிட்டால் ஓ.டி. குறையப் போகிறது. சுவருக்குப் பெயின்ட் அடித்தால் வெளிநாட்டுக்காரன் ஆடிட்டுக்கு வருகிறான். சிடுசிடு சூப்பர்வைசர் திடீரென்று தோளில் கை போட்டுப் பேசினால் யாரையோ கழற்றிவிடப் போகிறார்கள். இப்படிப் படித்ததில் பாதி பலிக்கும். பலிக்காத பாதியை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

மண்ணூர் ராமன் கரன்ட் கார் வாங்கியபோது அதையும் அப்படித்தான் படித்தார்கள். படிக்காமல் இருக்க முடியுமா? ராமன் வேலை செய்வது சைலன்சர் கம்பெனியில். பெட்ரோல் காருக்கும் டீசல் காருக்கும் புகை போகிற குழாயை வளைத்து, வெல்டு வைத்து, அனுப்புகிற இடம். மீசை முளைத்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறான். இப்போது வெல்டிங் லைனுக்கு அவன்தான் லீடர். கை முழுக்கப் பொறி பட்ட தழும்பு. அப்பேர்ப்பட்டவன் சைலன்சரே இல்லாத வண்டியை வாங்கிக்கொண்டு வந்து நின்றால் லைனில் இருக்கிறவன் என்ன நினைப்பான்?

உண்மையான காரணத்தை நான் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராமன் அதை யாரிடமும் சொல்லவில்லை. அவன் பெண்டாட்டி ரத்னாவுக்கு வண்டியில் ஏறினால் வாந்தி. டீசல் வாடை மூக்கில் பட்ட மாத்திரத்தில் முகம் வெளுத்துவிடும். பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ, எதில் போனாலும் ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறுகையில் பிளாஸ்டிக் கவர். ஒரு நாள் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குப் போக போனில் கூப்பிட்ட வாடகைக் கார் கரன்ட் காராக அமைந்துவிட்டது. ரத்னா எலுமிச்சம்பழத்தை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஓரமாக வண்டி போகும்போது ராமன் அவளையே பார்த்துக்கொண்டு வந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஓடுகிற வண்டியில் அவள் தூங்கி அவன் பார்த்ததில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். பெண்டாட்டி வாந்தி எடுக்கிறாள் என்று கார் வாங்கினேன் என்று வெல்டிங் லைனில் போய்ச் சொன்னால் ரிட்டயர் ஆகும் வரை ஓட்டித் தள்ளிவிடுவார்கள். அவளிடம் சொல்லவும் வெட்கம். அதனால் கேட்டவர்களுக்கெல்லாம், "செலவு கம்மிப்பா" என்று மட்டும் சொல்லிவைத்தான்.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து அம்மன் கோயிலில் பூஜை போட்டார்கள். மாலை போட்டு, சந்தனம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசாரி தட்டோடு நின்றார்.

"ஸ்டார்ட் பண்ணு ராமா. நல்ல நேரம் போய்க்கினு கீது."

"ஸ்டார்ட்டுலதாங்க கீது."

"சத்தமே வர்லியே?"

"இதுக்கு அவ்ளோதாங்க சத்தம்."

பூசாரி குனிந்து முன்பக்கம் காதை வைத்துக் கேட்டுவிட்டு நம்பிக்கை இல்லாமல் நகர்ந்தார். வண்டி ஊர்ந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது மட்டும்தான் கேட்டது. கூட்டத்தில் யாரோ, "திருட்டு வண்டி மாரி போவுதுடா" என்றார்கள்.

அதற்குப் பிறகு தெருவே அந்த வண்டியைச் சந்தேகமாகத்தான் பார்த்தது. நடுரோட்டில் படுத்திருக்கும் நாய்கள் கிட்டே வரும்வரை எழுந்திருக்காது. ராமன் தலையை வெளியே நீட்டி, "ஏய், ஏந்திரி" என்று கத்த வேண்டும். மழை நாளில் சார்ஜ் போட்டால் பக்கத்து வீட்டு அம்மா பேரப்பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வாள். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி, "சத்தமில்லாம உள்ள வந்துட்டியே, யாரு வண்டி இது?" என்று ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் கேட்டான்.

வீட்டுக்குள்ளேயும் பஞ்சாயத்துதான். ரத்னா மெஸ் நடத்துகிறாள். கம்பெனி வேலைக்கு வந்து பக்கத்து அறைகளில் தங்கியிருக்கும் தெற்கத்திப் பையன்கள் அவளிடம் இரண்டு வேளை சாப்பிடுகிறார்கள். சாயந்தரம் மாவு ஆட்டியாக வேண்டும். பெரிய கிரைண்டரும் கார் சார்ஜரும் ஒன்றாக ஓடினால் வீட்டுக் கரன்ட் பட்டென்று நின்றுவிடும்.

"யோவ், வண்டிக்கு சோறு போடறதா, பசங்களுக்கு சோறு போடறதா? ஒன்னு முடிவு பண்ணு" என்பாள்.

"காலைல எனக்கு ஷிஃப்ட்டு கீது. பதினஞ்சி பர்சன்டுதான் நிக்குது."

"அப்ப பஸ்ல போ. பசங்க பட்டினி கெடப்பானுங்களா?"

அவன் பிளக்கைப் பிடுங்குவான். மாவு ஆட்டி முடித்ததும் அவளே ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய் மறுபடி செருகுவாள். திட்டினாலும் வண்டி மேல் அவளுக்கும் ஒரு இது வந்துவிட்டது. சுங்குவார்சத்திரம் சந்தைக்குப் போய் வருகிற வழியில் இரண்டு முறை தூங்கிவிட்டாள்.

ரத்னாவின் தம்பி பிரசன்னா. அதே லைனில்தான் வேலை. ராமன்தான் சேர்த்துவிட்டான். இன்னும் பர்மனன்ட் ஆகவில்லை. ஷெர்லினைக் காதலித்துக் கட்டிக்கொண்டு அடுத்த தெருவில் இருக்கிறான், ஷெர்லினுக்கு ஆறு மாசம். ராமன் காரில் போகிற நாளெல்லாம் அவனும் கூடவே தொற்றிக்கொள்வான். அப்படி ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வல்லம் தாண்டி வரும்போது பிரசன்னா கேட்டான்.

"மாமா, போன் கம்பெனியில கூப்புட்டுகீறாங்க. பர்மனன்ட் போஸ்டிங். வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லணுமாம். போவட்டா?"

"அங்க போய் இன்னாடா பண்ணுவ? நீ வெல்டர். கைத்தொழில வுட்டுட்டு டேபிள்ல குந்திகினு ஸ்க்ரூ முடுக்கப் போறியா?"

"இங்க எப்ப பர்மனன்ட் பண்ணுவாங்கன்னு தெரிலியே."

"நான் கீறேன் இல்ல. அடுத்த லிஸ்ட்ல உன் பேரு வரும். லைன் நல்லாத்தான் போவுது. இரு."

"நீ சொன்னா சரி மாமா."

அவ்வளவுதான் பேச்சு. ராமன் மனசாரத்தான் சொன்னான். லைன் நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமைகூட ஓ.டி. இருந்தது. பிரசன்னா வெள்ளிக்கிழமை போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

புரட்டாசி பிறந்தது. மெஸ்ஸில் கறி மீன் கிடையாது. பையன்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு முட்டைக்கோஸ் கூட்டைப் பிசைந்து சாப்பிட்டார்கள். அவர்களில் ஒருவன் மாரிமுத்து, சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். சைலன்சர் கம்பெனியில் கான்ட்ராக்ட். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். ஒரு மத்தியானம் ரசம் ஊற்றிக்கொண்டே ரத்னாவிடம் கேட்டுவிட்டான்.

"யக்கா, அண்ணாச்சிக்கு அந்தக் கார கம்பெனியே குடுத்துருக்காமே, நெசமா?"

"எவன் சொன்னது?"

"லைன்ல எல்லாரும் அப்படித்தான் பேசுதாவ. சைலன்சர் லைன மூடப் போறாவளாம். பின்னால பேட்டரிப் பெட்டி செய்ய புது யூனிட்டு வருதாம். அண்ணாச்சிக்கு அங்க எடம் போட்டாச்சாம். அது தெரிஞ்சுதான் கரன்ட் வண்டி எடுத்துட்டாவளாம்."

"வாய்ல வந்தத பேசாத. தவணைல வாங்கின வண்டி. எங்க தாலி அறுந்துகினு கீது."

"நான் சொல்லலக்கா. அவிய சொல்லுதாவ. எனக்கென்ன, நான் அடுத்த மாசம் ஊருக்கே போயிருவேன். லைன்ல பத்துப் பேரு வேற எடம் பாத்துட்டு இருக்கான். அண்ணாச்சி வண்டியப் பாத்துதான்."

ரத்னா கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட வேகத்தில் ரசம் தெறித்தது. மாரிமுத்துவை அன்றைக்கு விரட்டாத குறைதான். ஆனால் அவன் போன பிறகு வாசலில் நிற்கிற வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு விஷயத்தைக் காதில் போட்டுவிட்டார்கள் என்றால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், நம்ம வீட்டு விஷயமாகவே இருந்தாலும்.

ராமனுக்கு லைனில் வித்தியாசம் தெரிந்தது. டீ டைமில் அவன் போனால் பேச்சு நின்றுவிடும். பத்து வருஷம் கூட வெல்டு வைத்தவன், "இன்னா லீடரே, பேட்டரி எப்பிடி கீது?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்திலிருப்பவனைப் பார்த்துச் சிரித்தான். ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்குப் பொட்டு வைக்கும்போது யாரோ அவன் காருக்கும் பெரிய பூசணிக்காயை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பரிகாசமா மரியாதையா என்று தெரியவில்லை. "ஒன்னும் தெரியாதுப்பா எனக்கு" என்று அவன் சொல்லச் சொல்ல, இவன் ரொம்பவும் மறைக்கிறான் என்றுதான் அவர்களுக்குப் பட்டது.

பிரசன்னா காரில் ஏறுவதை நிறுத்திக்கொண்டான். பஸ் வசதியாக இருக்கிறதாம். ஒரு சாயந்தரம் ரத்னா வற்புறுத்திச் சாப்பிடக் கூப்பிட்டாள். வந்தான், ஆனால் இலை முன் உட்காரவில்லை.

"மாமா, ஒன்னு மட்டும் சொல்லு. உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"உங்க அக்கா மேல சத்தியமா தெரியாதுடா."

"அப்ப எதுக்கு இந்த வண்டி?"

"செலவு கம்மின்னு..."

"யாருக்கு சொல்ற? நம்ம லைன்ல ஒருத்தன் இதுமாரி வாங்குவானா? நம்ம சோறே புகைலதான் கீது. நீ மட்டும் இந்தாண்ட கால வெச்சிகினு என்ன மட்டும் அங்கயே இருன்னுட்ட."

"டேய், பேச்ச அளந்து பேசு" என்றாள் ரத்னா.

"நீ சும்மா இருக்கா. உனக்கும் தெரிஞ்சிருக்கும்."

அவன் போய்விட்டான். ரத்னா புருஷனுக்காகத் தெருவரை போய்த் தம்பியிடம் சண்டை போட்டுவிட்டு வந்தாள். வந்து புருஷனிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ராமனுக்கு அதுதான் உறுத்தியது. கேட்டிருந்தால் அந்த வாந்தி விஷயத்தைக்கூடச் சொல்லியிருப்பான்.

அடுத்த வாரம் ஹெச்.ஆர். ஹேமந்த் அவனைக் கூப்பிட்டனுப்பினார். சின்ன வயசு. கண்ணாடி அறை, உள்ளே ஏ.சி. குளிர். ராமன் வெல்டிங் சட்டையோடு போய் நின்றான். ஹேமந்த் உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதே நல்லதாகப் படவில்லை.

"ராமன், நேரா கேக்குறேன். உங்களுக்கு யார் சொன்னது?"

"எது சார்?"

"ப்ளீஸ். உங்க லைன்ல வரிசையா ரெசிக்னேஷன் குடுக்குறாங்க. ஏன்னு கேட்டா, ராமன் அண்ணனே கரன்ட் கார் வாங்கிட்டார்னு சொல்றாங்க. இது மேல ரெண்டு மூணு பேரைத் தாண்டி வெளிய போகாத விஷயம். உங்ககிட்ட எப்படி வந்தது?"

ராமனுக்கு முதலில் புரியவில்லை. இவரும் லைன் ஆட்கள் மாதிரியே பேசுகிறாரே என்று சிரிப்புதான் வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. வெளியே போகாத விஷயம் என்றால், விஷயம் ஒன்று இருக்கிறது.

"லைன மூடப் போறீங்களா சார்?"

ஹேமந்த் அவனை உற்றுப் பார்த்தார். தெரிந்துகொண்டே கேட்கிறான் என்றுதான் அவரும் நினைத்தார்.

"இந்த ஆர்டர் முடியுற வரைக்கும் ஆளுங்க வேணும். அதுவரைக்கும் நீங்க வாயைத் திறக்கலேன்னா புது யூனிட்ல உங்களை நான் பாத்துக்குறேன். திறந்தீங்கன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

"சார், மெய்யாவே எனக்கு இப்பதான் தெரியும்."

"சரி, அப்படியே இருக்கட்டும்" என்று ஹேமந்த் கதவைக் காட்டினார்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க ராமன் ஏ.சி.கூடப் போடவில்லை. வண்டியை வாசலில் விட்டுவிட்டு நேராகப் பிரசன்னா வீட்டுக்குத்தான் போனான். ஷெர்லின் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னான்.

"பிரசன்னா, அந்தப் போன் கம்பெனிக்கு இப்பவே போன் போடு. நம்ம லைன மூடப் போறாங்க. இன்னிக்கித்தான் தெரிஞ்சிது."

பிரசன்னா போனை எடுத்து வெளியே போய்ப் பேசினான். திரும்பி வர நேரமாகவில்லை.

"ஆள் போட்டாச்சாம்."

"வேற எங்கனா..."

"இன்னிக்கித்தான் தெரிஞ்சிதா மாமா உனக்கு?"

"ஆமாண்டா."

"வூட்டுக்குப் போ மாமா" என்றான் பிரசன்னா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஷெர்லின் மடித்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டீ டைமில் ராமன் லைன் ஆட்கள் எல்லாரையும் கூட்டிச் சொல்லிவிட்டான். ஹேமந்த் சொன்னதை அப்படியே சொன்னான், புது யூனிட் ஆசை காட்டியதையும் மறைக்கவில்லை. கத்துவார்கள், ஆபீசுக்குப் போவார்கள் என்று நினைத்தான். யாரும் அசையவில்லை. மாரிமுத்துதான் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"அண்ணாச்சி, இத ஒங்க வண்டி ஆவணியிலயே சொல்லிட்டுல்லா. நீங்க இப்பம் வந்து சொல்லுதிய."

எல்லாரும் சிரித்தார்கள். பிரசன்னா சிரிக்கவில்லை, ராமனையும் பார்க்கவில்லை. அந்த வாரமே லைன் போர்டில் லீடர் என்று எழுதியிருந்த இடத்தில் வேறு பெயர் வந்தது. யாரும் ராமனிடம் எதுவும் சொல்லவில்லை. அவனே படித்துக்கொண்டான்.

ஐப்பசியில் காஞ்சிபுரத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். விடாத மழை. பிரசன்னாவும் ஷெர்லினும் பஸ்ஸில் வந்திருந்தார்கள். வண்டியில் வாருங்கள் என்று ரத்னா முந்தின நாளே சொல்லி அனுப்பியும் கேட்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி நனைந்துகொண்டு மண்டபத்துக்குள் வந்ததை ரத்னா பார்த்தாள். பந்தியில் அக்காவைப் பார்த்ததும் தம்பி வேறு வரிசைக்குப் போய் உட்கார்ந்தான். ரத்னா பாயசத்தைத் தொடவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாள்.

திரும்பும்போது மழைக்கு ஏ.சி., வைப்பர், லைட் எல்லாம் போட்டதில் சார்ஜ் மளமளவென்று இறங்கியது. ஹைவேயில் ஒரு ஓட்டலுக்குப் பின்னால் சார்ஜ் போடுகிற இடம். ஏற்கனவே ஒரு வண்டி நின்றது. அது போகும்வரை காத்திருந்து, ராமன் நனைந்துகொண்டே ஒயரைச் செருகிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். சாயந்தரம் ஆகவில்லை, ஆனால் மேகம் கட்டி இருட்டிக்கொண்டு கிடந்தது. திரையில் பர்சன்ட் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை, இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒன்னு கேக்கறேன். கோச்சிக்காம சொல்லு" என்றாள் ரத்னா.

"கேளு."

"மெய்யாவே உனக்கு முன்னாடி தெரியாதா?"

"நீயுமா? எத்தினி வாட்டி சொல்றது? அந்த ஹேமந்த் கேட்டப்புறந்தான் எனக்கே தெரியும்."

"அப்ப ஒன்னுமே தெரியாமத்தான் இத்தாம்பெரிய வண்டிய வாங்கிட்டியா?"

அவன் திரையில் ஏறுகிற பர்சன்ட்டைப் பார்த்தான்.

"லைன் மூடறது தெரியாது. புது யூனிட்டும் கெடையாது. எங்கயும் பேசி வெக்கல. பசங்க ஊருக்குப் போய்ட்டா மெஸ்ஸும் போச்சி. ஒரு வழியும் இல்லாமத்தான் நாம இப்ப குந்திகினு கீறமா?"

ராமன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். இத்தனை நாளும் ஊர் மாதிரியே அவளும் தன்னைச் சந்தேகப்படுகிறாள் என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தான். அவள் முகத்தில் இருந்தது பயம்.

"ஊரே பேசினப்போ நான் சண்ட போட்டேன். எந்தம்பியவே பேசினேன். ஆனா உள்ளுக்குள்ள இன்னா நெனச்சேன் தெரியுமா? அவங்க சொல்றது மெய்யாவே இருக்கட்டும்னு நெனச்சேன். எம்புருஷன் முன்னாடியே தெரிஞ்சிகினு எங்கியோ ஒரு எடம் பாத்து வெச்சிட்டுத்தான் இதெல்லாம் பண்றான்னு. அப்பிடி நெனச்சிகினாத்தான் எனக்கு தூக்கம் வருது."

முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள். மழை கண்ணாடியில் அடித்து ஊற்றியது. ராமன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தெரியாது, தெரியாது என்று தலையில் அடித்துக்கொண்டு ஊர் முழுக்கச் சொன்னவன். இவளிடமும் அதையே சொல்லி என்ன ஆகப் போகிறது என்று தோன்றியது.

"தெரியும்" என்றான்.

"இன்னா?"

"முன்னாடியே தெரியும். வெல்டிங் ஆளுக்கு வேல இல்லாமப் போவுமா? ஒரு எடத்துல பேசி வெச்சிட்டுத்தான் வண்டியே எடுத்தேன். வெளிய சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. அதான் உங்கிட்டகூட சொல்லல."

"சத்தியமா?"

"சத்தியமா."

ரத்னா கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தாள். பெரிய மூச்சு ஒன்று வந்தது. "பாவி, இத்தினி நாளு வாய தொறக்காம இருந்தியே" என்று அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். தாம்பூலப் பையைத் துழாவி லட்டை எடுத்துப் பிட்டு, பாதியை அவனிடம் கொடுத்தாள். மண்டபத்தில் சாப்பிடாத பசி இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது போலிருக்கிறது. ராமனுக்கும் மனசு லேசாகிவிட்டது. எத்தனை மாசத்துக்குப் பிறகு அவன் சொன்னதை ஒருத்தர் நம்பியிருக்கிறார்!

லட்டு வாயில் இருக்கும்போதே ரத்னாவின் மெல்லுதல் நின்றது. அவள் சாய்விலிருந்து மெல்ல நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"அப்ப எந்தம்பிய ஏன்யா அங்கயே இருன்ன?"